மூன்று பல்பு மாற்றியும் எரியாத பின் விளக்கு

முள்ளோடை தாண்டி டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டியபோது, பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி வந்தார். "தம்பி, இடது பக்கம் உனக்கு லைட்டே இல்ல. பைக்குதான் போகுதுன்னு நெனச்சு ஒட்டிட்டு வந்துட்டேன்ப்பா" என்றார். அவர் குரலிலும் நடுக்கம் இருந்தது.

கடலூர் துறைமுகத்திலிருந்து புதுச்சேரிக்கு விடியுமுன் மீன் ஏற்றிப் போகும் பிக்கப் என்னுடையது. அந்த மாதத்தில் மட்டும் இடது பின் விளக்குக்கு மூன்று பல்பு மாற்றியிருந்தேன். போட்டால் இரண்டு நாள் எரியும், அப்புறம் அணைந்துவிடும். பட்டறையில் ஒவ்வொரு முறையும் "பல்பு பியூஸ் போச்சு" என்று புது பல்பு போட்டார்கள்.

அன்று மதியமே வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். கழற்றிய பல்புகளை நல்லவேளையாகத் தூக்கிப் போடவில்லை. அவை 12 வோல்ட், 21/5 வாட் பல்புகள். 5 வாட் இழை இரவு விளக்குக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. கண்ணாடி கறுக்கவில்லை, இழைகளும் அறுந்திருக்கவில்லை. பேட்டரியில் நேராக ஒயர் வைத்தேன். மூன்றும் பளிச்சென்று எரிந்தன!

பியூஸ் பெட்டியில் இருந்த பியூஸ்களும் சரியாக இருந்தன. பார்க்கிங் லைட்டைப் போட்டுவிட்டு மகனை பிரேக் மிதிக்கச் சொன்னேன். மிதித்ததும் இடது முன் இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தது. எனக்குப் பிடி கிடைத்தது அங்கேதான். பின்னால் எர்த் (கரண்ட் வண்டியின் இரும்பு உடம்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) சரியில்லாததால், பிரேக்குக்கு வந்த கரண்ட் பின் இண்டிகேட்டர் இழைக்குள் புகுந்து, முன் விளக்கு வழியாக எர்த்துக்கு இறங்கப் பார்க்கிறது.

உறுதி செய்ய, ஒரு நீள ஒயரால் ஹோல்டரின் எர்த்தையும் பேட்டரி நெகட்டிவையும் இணைத்தேன். உடனே எல்லாம் முழு வெளிச்சத்தில் எரிந்தன. (தவறிப் பாசிட்டிவ் முனையில் வைத்தால் ஷார்ட் ஆகும். கறுப்பு ஒயர்தானா என்று பார்த்து வையுங்கள்.)

ஹோல்டரிலிருந்து போகும் கறுப்பு எர்த் ஒயரைத் தொட்டுக்கொண்டே போனேன். சரக்குத் தொட்டிக்கு அடியில், வண்டியின் அடிச்சட்டமான சேஸில் போல்ட் போட்டிருந்த இடம் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. மீன் பெட்டியிலிருந்து உருகும் ஐஸ் தண்ணீர், உப்போடு, நேராக அதன் மேல்தான் சொட்டியிருக்கிறது. பல்பு மாற்றும்போதெல்லாம் ஒயர் அசைந்து கொஞ்சம் ஒட்டிக்கொண்டதால்தான் இரண்டு நாள் எரிந்திருக்கிறது.

ஒயரை வெட்டினால் உள்ளே செம்பும் கறுத்திருந்தது. பளபளப்பான செம்பு தெரியும்வரை ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டு, புது ஒயர் சேர்த்து, முனைக்குப் போல்ட்டில் மாட்டும் வளையமான புது ரிங் டெர்மினல் போட்டேன். பழைய இடத்துக்குப் போகாமல், தண்ணீர் படாத மேல் பக்கமாக ஒரு போல்ட்டைத் தேர்ந்தேன். பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து இரும்பை வெளியே கொண்டுவந்து, முடுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். தொட்டித் தண்ணீர் விலகி விழ ஒரு ரப்பர் குழாயும் மாட்டினேன்.

வலது பக்கத்தையும் பிரித்துப் பார்த்தேன். அங்கேயும் பச்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. இருட்டுவதற்குள் அதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.