இரண்டு தட்டுக் கங்குன்

கொழும்பிலுள்ள ஓர் ஆய்வுகூடத்தில், தாவர மாதிரிகளில் உலோகங்களின் அளவைக் கணிக்கும் பணியில் நான் சேர்ந்த முதலாண்டில், எங்கள் பொறுப்பாளர் மிஸ் என்னிடம் இரண்டு தட்டுகளில் கங்குன் கீரை வளர்க்கச் சொன்னார். இரண்டிலும் ஒரே போசணைக் கரைசல்; ஒன்றில் மட்டும் கட்மியம் என்னும் நச்சு உலோகம் சிறிதளவு. மூன்று வாரங்களின் பின் அருகருகே வைத்துப் பார்த்தபோது, கட்மியம் இட்ட தட்டில் மஞ்சளோ கருகலோ இல்லை. செடி உலோகத்தை உள்ளே எடுக்கவில்லை என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். இலைகளை உலர்த்தி, அரைத்து, நைத்திரிக்கமிலத்தில் கரைத்து, உலோகங்களை அளக்கும் அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் இட்ட பிறகுதான், வேரில் மட்டுமன்றி நாம் உண்ணும் தண்டிலும் இலையிலும் கட்மியம் ஏறியிருப்பது தெரிந்தது. எழுதியதை வெட்டப்போன என்னை மிஸ் தடுத்தார். "வெட்டாதீங்க. அதுக்குக் கீழே இந்த அளவையும் எழுதி வையுங்க" என்றார்.

அந்தப் பிழையே என்னை வாசிக்க வைத்தது. கட்மியத்துக்கென்று வேரில் வாசல் எதுவும் இல்லை. இரும்பையும் நாகத்தையும் (துத்தநாகம்) உள்ளே எடுக்கும் புரதங்கள் வழியாகவே அது நுழைகிறது. நெற்பயிரில் மங்கனீசு செல்லும் வழியே அதற்கும் வழி. உள்ளே வந்ததும் புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு நொதியங்களைச் செயலிழக்கச் செய்கிறது. செடியோ அதே கந்தகத்தைக் கொண்டே தன்னைக் காக்கிறது: கந்தகம் கொண்ட குளுதாதயோன் என்னும் சிறு மூலக்கூறுகளைக் கோத்து பைட்டோகெலேற்றின் என்னும் சிறு சங்கிலிகளை ஆக்கி, அவற்றால் உலோகத்தைப் பிணைத்து, கலத்தின் சேமிப்பறையான புன்வெற்றிடத்துக்குள் பூட்டிவிடுகிறது. இச்சங்கிலிகளை ஆக்கும் நொதியம் கலத்தில் முன்னரே காத்திருக்கிறது. உலோகம் வந்தவுடன் விழித்துக்கொள்கிறது. கிறில், வின்னாக்கர், சென்க் ஆகிய ஆய்வாளர்கள் 1985இல் இச்சேர்வைகளை முதன்முதலில் உயர்தாவரமொன்றில் இனங்கண்டது, நம் வைத்தியர்கள் நன்கறிந்த சர்ப்பகந்தியின் கலங்களில் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் இக்காவலுக்கு விலை உண்டு. குளுதாதயோன் இவ்வாறு செலவழியும்போது, ஒட்சியேற்றத் தாக்கத்தைத் தாங்கும் வலு குறைகிறது. அளவு மீறினால் வேர் குறுகி, இலை வெளிறுகிறது. அந்த எல்லைக்குக் கீழே இருக்கும்வரை, செடி வெளியே எதையும் காட்டுவதில்லை.

எல்லாச் செடிகளும் உள்ளே வாங்கிப் பூட்டுவதில்லை. அமில மண்ணில் சில கோதுமை வகைகள் வேர்நுனியிலிருந்து மலிக்கமிலத்தைக் கசியவிட்டு, அலுமினியத்தை வெளியிலேயே கட்டிப்போடுகின்றன. மலையகத் தேயிலையோ அதை மேலே ஏற்றி, கொழுந்தைவிட முற்றிய இலைகளில் மிகுதியாகச் சேர்த்துவைக்கிறது.

அம்பாந்தோட்டை மாவட்டத்து உஸ்ஸங்கொடவின் செம்மண் வெளியைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. சேர்ப்பன்டைன் பாறையிலிருந்து உண்டான அந்த மண்ணில் நிக்கல் மிகுதி. பல செடிகள் அங்கு குட்டையாகத்தான் வளர்கின்றன. அங்கு வளரும் விஷ்ணுகிரந்தியும் ஓரிதழ்தாமரையும் நிக்கலை மிகையாகத் திரட்டுபவையாக அறியப்பட்டவை. உலர்ந்த இலையின் ஒரு கிலோகிராமில் 1000 மில்லிகிராமுக்கு மேல் நிக்கல் இருந்தால்தான் ஒரு தாவரத்துக்கு அப்பெயர் கிடைக்கும். இரண்டும் மருந்துக்குப் பறிக்கப்படும் மூலிகைகள் என்பதால், எந்த மண்ணில் பறித்தது என்ற கேள்வியை எவரும் கேட்காமலிருப்பது என்னை உண்மையாகவே கவலைகொள்ளச் செய்கிறது.

இப்போது சந்தை மாதிரி எதுவந்தாலும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கழுவியும் மறுபாதியைக் கழுவாமலும் அளக்கிறேன். ஈயத்தின் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும் இயல்புடையது. வீதியோரக் கீரையின் இலையில் காணப்படுவதில் கணிசமானது படிந்த தூசி, ஆகவே கழுவினால் குறையும். புன்வெற்றிடத்துக்குள் சென்ற கட்மியத்தைத் தண்ணீர் தொடாது.

சென்ற மாதம் வெள்ளவத்தையில் மாதிரி வாங்கியபோது, கீரை விற்கும் அம்மா ஒரு கட்டை உயர்த்திக் காட்டி, "பாருங்கோ பிள்ளை, ஒரு பழுத்த இலையாவது இருக்கோ?" என்று கேட்டார். இல்லைத்தான். எந்தத் தண்ணீரில் வளர்ந்தது, அம்மா, என்று கேட்டேன். விடியற்காலையில் லொறியில் வந்து இறங்குவது மட்டுமே தனக்குத் தெரியும் என்றார். மாதிரிப் பையின் சீட்டில் நீர்மூலம் என்ற இடத்தை வெறுமையாக விட்டு, திகதியை எழுதினேன்.