ஐஎஃப்கான்ஃபிக்கை வெட்டிய கதை

ஐந்து பேர் சேர்ந்து ஓய்வு நேரத்தில் ஒரு லினக்ஸ் வழிகாட்டி எழுதிக்கொண்டிருந்தோம். கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கும் கட்டளைவரிக் கருவிகள் பற்றிய பகுதி என் தலையில் விழுந்தது. எதையெல்லாம் சேர்க்கலாம் என்று எல்லாரிடமும் கேட்டதுதான் நான் செய்த முதல் தப்பு. ஆளாளுக்குத் தங்களுக்குப் பிடித்ததைச் சொல்ல, பட்டியல் 140-ஐத் தாண்டிவிட்டது. கோப்புகளைப் பட்டியலிட மட்டுமே நான்கு கருவிகள்!

முதல் வரைவில், கணினியின் நெட்வொர்க் அமைப்பைக் காட்டும் ஐஎஃப்கான்ஃபிக்கை யோசிக்காமலே சேர்த்தேன். பல வருஷமாகக் கை பழகிய கட்டளை. வரைவைப் படித்த நண்பர் டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் புதிதாக நிறுவி அதை அடித்துப் பார்த்தார். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வந்தது. அது இருக்கும் நெட்டூல்ஸ் தொகுப்பு டெபியன் 9-இலிருந்து, அதாவது 2017 முதல், தானாக நிறுவப்படுவதில்லை. "ஏப்ட்டில் நிறுவிக்கொள்ளலாமே" என்றேன். இணையத்திலிருந்து மென்பொருளை இறக்கி நிறுவும் கருவி அது. "நெட் வேலை செய்யலைன்னுதானே இந்தப் பக்கத்தையே திறக்கிறேன். அப்புறம் அதை எங்கிருந்து இறக்குறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலையே டெபியனுக்கு ஒன்று, இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோராவுக்கு ஒன்று என இரண்டு மெய்நிகர் கணினிகளை உருவாக்கி, இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பட்டியலில் இருந்ததை ஒவ்வொன்றாக அடித்தேன். பாதிக்கு மேல் காலி. புதிதாக நிறுவிய கணினியில் இணையமில்லாமலே இருக்கும் கருவிதான் உள்ளே என்று விதி வைத்தேன். ஐஎஃப்கான்ஃபிக் போய் ஐபி வந்தது. நெட்வொர்க் இணைப்புகளைக் காட்டும் நெட்ஸ்டாட் இருந்த இடத்துக்கு எஸ்எஸ் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் எச்டாப் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் டாப்புக்கு வழிவிட்டது.

புதிய கருவிகளில் வேறு மாதிரிச் சிக்கல். பேட் நல்ல கருவி, கோப்பை வண்ணத்தோடு காட்டும். ஆனால் டெபியனில் அதே பெயரில் வேறொன்று இருப்பதால் பேட்கேட் என்று அடிக்க வேண்டும். கோப்புகளைத் தேடும் எஃப்டியும் அங்கே எஃப்டிஃபைண்ட் ஆகிவிடுகிறது. புதிதாக வருபவருக்கு இதை விளக்கவே ஒரு பத்தி போய்விடும். கோப்புகளைப் பட்டியலிடும் எக்ஸாவுக்கு ஒருவர் முழுப் பக்கமே எழுதி முடித்திருந்தார். 2023-இல் அதற்குப் பராமரிப்பு நின்று, ஈஸா என்ற கிளை தனியாக வளரத் தொடங்கியது. அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று அவரிடம் கேட்கத்தான் சங்கடமாக இருந்தது. எழுதியவர் சம்பளத்துக்கு எழுதவில்லையே. கடைசியில் அவரே எடுத்துவிட்டார்.

ஒரு வட்டில் இருப்பதை அப்படியே இன்னொன்றில் எழுதும் டிடி விஷயத்தில்தான் நிஜமான சண்டை. ஐஎஃப் என்பது எங்கிருந்து, ஓஎஃப் என்பது எங்கே. ஓஎஃப்பில் ஓர் எழுத்து மாறினால் பென்டிரைவுக்குப் பதில் உங்கள் வன்வட்டின் மேலேயே எழுதிவிடும், ஒரு வார்த்தை கேட்காது. "இதை நாம் சொல்லித்தரவே கூடாது" என்றார் ஒருவர். நாம் சொல்லாவிட்டால் வேறெங்காவது பார்த்து எச்சரிக்கையே இல்லாமல் அடிப்பார்கள் என்பது என் கட்சி. சரி என்று நடுவழிக்கு வந்தோம். முதலில் வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே அடித்து, வட்டின் பெயரையும் கொள்ளளவையும் சரிபார்க்கும் படி வரும். அதற்குப் பிறகுதான் டிடி. உதாரணத்தில் உண்மையான சாதனப் பெயர் இருக்காது. அப்படியே நகலெடுத்து ஒட்டினால் எந்த வட்டின் மேலும் எழுதாது.

விஐ என்ற பழைய உரைத் திருத்திக்கு அரைப் பக்கம் மட்டும். எழுதுவதற்கு நானோ என்ற எளிய திருத்தி போதும், ஆனால் குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலான க்ரான்டேப்பைத் திருத்தப் போனால் சில கணினிகளில் விஐ திறந்துகொண்டு மாட்டிவைக்கும். எஸ்கேப், முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி, என்டர்: வெளியேற இவ்வளவுதான் சொல்லியிருக்கிறோம்.

ஆர்சிங்க் ஒன்றுக்கு விதியை மீறினேன். புதிய கணினியில் அது எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது. ஆனால் மாறியதை மட்டும் நகலெடுக்கும் வேலைக்கு அதற்கு ஈடாக இன்னொன்றை என்னால் காட்ட முடியவில்லை. நிறுவும் வரியைப் பக்கத்தின் தலையிலேயே போட்டுவிட்டேன்.

இப்போது 38 கருவிகள் நிற்கின்றன. உரையை வரி வரியாகப் பிரித்துக் கையாளும் ஆக் மட்டும் இழுபறி. அதற்குத் தனிப் புத்தகமே வேண்டும் என்கிறார் ஒருவர். இரண்டாவது நெடுவரிசையை மட்டும் அச்சிடும் ஒரே ஒரு வரியை நான் சேர்த்து வைத்திருக்கிறேன், இதுவரை யாரும் நீக்கவில்லை.