கூடலூர்ல சங்கம் மொதல்ல, ஆஸ்பத்திரி அப்புறம்

சுகாதார விழிப்புணர்வுன்னா நம்ம ஊர்ல என்ன நடக்கும்னு தெரியும்ல, பேனர் புடிச்சு ஊர்வலம் போவாங்க, நோட்டீஸ் கொடுப்பாங்க, போட்டோ எடுத்துட்டு கெளம்பிடுவாங்க. எழுத்துக்கூட்ட தெரியாத பாட்டி கையிலயும் அதே நோட்டீஸ்தான். அதனாலயே கூடலூர் கதைய யார்கிட்டயாவது சொல்லிட்டே இருப்பேன்.

நீலகிரின்னா நமக்கு ஊட்டியோட முடிஞ்சுது, அதுக்கு அந்தப் பக்கம் இறங்கினா கூடலூர், பந்தலூர். பணியர், பெட்ட குறும்பர், முள்ளுக் குறும்பர், காட்டுநாயக்கர்னு பல பழங்குடி மக்கள் இருக்கற ஏரியா. நீலகிரி பழங்குடிகள் ரத்தத்துல அரிவாள் செல் (ரத்தத்துல இருக்கற சிவப்பணு அரிவாள் மாதிரி வளஞ்சு போற பரம்பரைக் கோளாறு) இருக்குன்னு 1952லயே லேமன், கட்புஷ்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சு வெளிநாட்டு மருத்துவ பத்திரிகையில எழுதிட்டாங்க. பத்திரிகைக்கு தெரிஞ்சுது சரி, கை கால் வலியில துடிக்கற புள்ளைய வச்சுட்டு உக்காந்திருந்த அம்மாவுக்கு யாரு போய் சொன்னா?

80கள் நடுவுல அங்க வந்த அக்கார்டுங்கற தொண்டு அமைப்பு ஆஸ்பத்திரிய வச்சு ஆரம்பிக்கல, நிலத்த வச்சுதான் ஆரம்பிச்சுது. ஊர் ஊரா சங்கம் சேந்து ஆதிவாசி முன்னேற்ற சங்கம் ஆச்சு, 1988ல நில உரிமைக்காக பெரிய பேரணி போனாங்க. அந்த சங்கத்து ஆளுங்களே சுகாதார வேலையும் கத்துக்கிட்டு வீடு வீடா போனாங்க, 1990ல அஸ்வினிங்கற சுகாதார அமைப்பு வந்துச்சு, கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரி அந்த அமைப்போடதுதான், ஆதிவாசி பொண்ணுங்களே நர்ஸ் ட்ரெயினிங் எடுத்து அங்க வேலை பாக்கறாங்க. என்னைக் கேட்டா இந்த வரிசைதான் முக்கியம், நிலத்துக்கு கூட நின்னவங்க சொன்னாதான் ரத்த டெஸ்ட்டுக்கு கை நீட்டுவாங்க.

விஷயமும் லேசுப்பட்டது இல்ல. அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் நோய் வெளிய தெரியாம ரத்தத்துல மட்டும் இருந்தா ஒவ்வொரு பிரசவத்துலயும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீதம் வாய்ப்பு. நாலுல ஒண்ணுக்குன்னு சொன்னா மொத குழந்தைக்கு வந்துடுச்சு இனி மூணு பேர் தப்பிச்சாங்கன்னு நெனச்சுப்பாங்க (படிச்சவங்களும் தான்), அப்படி இல்ல, ஒவ்வொரு தடவையும் சீட்டு புதுசா குலுக்கறாங்க. அப்புறம் கூடலூர் மழை இருக்கே, குளிர் பட்டா வலி கெளம்பும், தண்ணி நெறைய குடிக்கணும், ஃபோலிக் ஆசிட் மாத்திரைய விடக்கூடாது, காய்ச்சல் வந்தா நாளைக்கு பாக்கலாம்னு இருக்கக்கூடாது. இதெல்லாம் மைக்ல ஒரு வாட்டி சொல்லிட்டு போற சமாச்சாரமா? வேலை முடிஞ்சு வந்தவங்ககூட திண்ணையில உக்காந்து அவங்க பேசற பேச்சுல சொல்லணும், அடுத்த மாசமும் போகணும்.

2023 ஜூலைல மத்திய அரசு அரிவாள் செல் ஒழிப்பு திட்டம் ஆரம்பிச்சுருக்கு, 40 வயசு வரைக்கும் 7 கோடி பேருக்கு டெஸ்ட், ரிசல்ட் போட்டு கையில ஒரு கார்டு. நல்ல திட்டம்தான், வேண்டாம்னு யாரு சொல்வா. ஆனா அந்த கார்டுல என்ன இருக்குன்னு பக்கத்துல உக்காந்து சொல்ல கூடலூர்ல ஆள் இருக்காங்க, சங்கமே இல்லாத மலைகள்ல அந்த வேலைக்கு யார எடுக்கப் போறாங்க, எவ்ளோ சம்பளம்னு யாராவது கேட்டீங்களா?