பள்ளிக்கூடம் போகாதவரின் நினைவை அளப்பது

மறதி நோய்த் தடுப்பு ஆராய்ச்சிக்காக, முதியவர்களின் ஞாபகசக்தியை அளக்கும் கேள்விகளை உருவாக்குவது என் வேலை. ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், பெரியபட்டினம், தொண்டி என்று எந்த ஊருக்குப் போனாலும், "பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காதவளுக்கு என்னத்தா பரீட்சை?" என்று ஒரு அப்பத்தாவாவது கேட்டுவிடுவார். நியாயமான கேள்வி. எங்கள் துறையின் பெரிய சிக்கலே அதுதான்.

நினைவு, கவனம் போன்றவற்றைச் சட்டென்று சோதிக்க உலகம் முழுக்கப் புழங்கும் எம்.எம்.எஸ்.இ. தேர்வு 1975-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் தேதி சொல்ல வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும், ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். கடல்பாசி விற்ற கணக்கைப் பைசா பிசகாமல் சொல்லும் ஒரு பாட்டி, பென்சில் பிடித்துப் பழகாத ஒரே காரணத்தால் அதில் மதிப்பெண் இழப்பார். 1990-களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களுக்காக அதை இந்தியில் மாற்றி அமைத்தார்கள். எழுத்தைப் படித்துச் செய்வதற்குப் பதில், கேட்பவர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்தால் போதும். நைஜீரியாவின் இபாடானில் வரைவதை விட்டுவிட்டுத் தீக்குச்சிகளை வைத்தே வடிவம் அமைக்கச் சொன்னார்கள். பாம்பனில் ஒரு அப்பத்தா அந்தக் குச்சிகளைத் தொட்டதைப் பார்த்தேன். பாறையில் உரசி உரசித் தழும்பேறிய விரல்கள். நான்கு குச்சிகளை வைத்தார், ஒன்றின் மருந்துத் தலை மறுபக்கம் திரும்பியிருப்பதைக் கவனித்து, அதை மட்டும் எடுத்துத் திருப்பி வைத்தார். பென்சில் கொடுத்திருந்தால் இந்தக் கவனம் எங்கள் கண்ணில் படாமலே போயிருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் உள்ளூர்மயமாக்கிவிடவும் முடியாது. ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்கிறார் என்று கேட்போம். "மீன் பெயரைக் கேளுங்களேன்" என்று பலரும் சொல்வதுண்டு. கேட்டால் சீலா, பாறை, காரல், முரல், திருக்கை என்று கொட்டுவார்கள். ஆனால் உள்ளே முதுகுளத்தூர்ப் பக்கம் விவசாயம் பார்த்தவரை அவர்களோடு எப்படி ஒப்பிடுவது? அதோடு, தடுப்பு ஆராய்ச்சியில் நாங்கள் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இன்னும் நோய் வராதவர்கள். எல்லோரும் முழு மதிப்பெண் வாங்கும் தேர்வில், இரண்டு வருடத்தில் வரும் சின்னச் சரிவு தெரியாது. அதே சொற்களைத் திரும்பக் கேட்டால் பழக்கத்தால் மதிப்பெண் ஏறும். அதனால் ஒரே அளவு கடினமான சொல் பட்டியல்கள் பல வேண்டும். மிகவும் பொறுமை கேட்கும் வேலை இதுதான்.

காது விஷயத்தில் நான் கண்டிப்பு. சங்கு குளித்தவர்கள், வள்ளத்து இன்ஜின் பக்கத்திலேயே காலம் கழித்தவர்கள் பலருக்குச் சரியாகக் கேட்பதில்லை. சொல் காதில் விழாவிட்டால், நினைவில்லை என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. லான்செட் மருத்துவ இதழின் மறதி நோய் ஆணையம் 2024-ல் பட்டியலிட்ட, அந்நோய்க்கான மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் கேட்கும் திறன் குறைவும் ஒன்று, சரிசெய்யாத பார்வைக் குறைவும் ஒன்று. ஆகவே, முதலில் காதையும் கண்ணையும் பார்த்துவிட்டுத்தான் நினைவுக்குப் போக வேண்டும் என்று குழுவில் விடாமல் சொல்லி வருகிறேன்.

வயதே பலருக்குச் சரியாகத் தெரியாது. "தனுஷ்கோடிப் புயல் அடிச்சப்ப எவ்வளவு பெரிய பிள்ளை?" என்றால், 1964-ஐ வைத்து ஓரளவு கணக்கிட்டுவிடலாம்.

அப்புறம் வீட்டாரிடம் பேச வேண்டும். "மறதி இருக்கிறதா?" என்று கேட்டால், "வயசானா அப்படித்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது வேறு மாதிரி கேட்டுப் பார்க்கிறோம். ஏலப் பணத்தைப் பங்கு பிரிக்கும்போது முன்பு இல்லாத தடுமாற்றம் வருகிறதா? கிழிந்த வலையைத் தைக்க உட்கார்ந்தவர் பாதியில் எழுந்துவிடுகிறாரா? பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஓடிய நாட்களில் எப்படி இருந்தார், இன்று எப்படி இருக்கிறார்? இப்படிக் கேட்டால் மருமகள்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள்.