சலான் மெசேஜில் போன பூண்டுப் பணம்: 1930 முதல் நீதிமன்ற ஆணை வரை

மெசேஜ் மோசடியில் பணம் போனால், முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதை வைத்துத்தான் மீதி எல்லாம் அமைகிறது. கொடைக்கானல் மேல்மலைக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் நகரத்துக்கு வரவே இருபது கிலோமீட்டர் அளவு ஆகிறது. மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருப்பது திண்டுக்கல்லில். அதற்கு மலை இறங்கி இன்னும் நூறு கிலோமீட்டருக்குக் கிட்டப் போக வேண்டும். நேரில் போய்ப் புகார் கொடுத்துக்கொள்ளலாம் என்று வண்டி ஏறினால், போய்ச் சேர்வதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும். என் பெரியப்பாவின் கணக்கிலிருந்து 49,000 ரூபாய் போனபோது கூடவே இருந்து அலைந்தவன் என்பதால், எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதுகிறேன்.

பெரியப்பா பூண்டு விவசாயி. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டுதான் போடுகிறார். மூட்டைகளைத் தன் பிக்கப் வண்டியிலேயே வடுகபட்டி பூண்டுச் சந்தைக்கு இறக்குவார். அதனால் "போக்குவரத்து விதிமீறல், அபராதம் 500 ரூபாய், இன்று கட்டாவிட்டால் வண்டி பறிமுதல்" என்று சலான் (அபராதச் சீட்டு) மெசேஜ் ஒன்று வந்தபோது அவருக்குச் சந்தேகம் வரவில்லை. வண்டி எண் வேறு சரியாக இருந்தது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரணப் பத்து இலக்க எண் இருந்தது. லிங்க்கில் 'பரிவாகன்' என்ற அரசுப் போக்குவரத்துத் தளத்தின் பெயர் இருந்ததே தவிர, அரசுத் தளங்களின் கடைசியில் வரும் 'ஜிஓவி.இன்' இல்லை. தொட்டதும் ஒரு ஆப் இறங்கியது. மெசேஜ்களைப் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். அபராதம் கட்ட ஏடிஎம் கார்டு விவரம் கேட்டது, அதையும் போட்டார். இப்படி நம்பியதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வண்டியை நம்பிப் பிழைக்கிறவருக்கு 'பறிமுதல்' என்ற சொல் எவ்வளவு பயத்தைக் கொடுக்கும் என்பது தெரிந்துதான் மோசடிக்காரர்கள் அதை எழுதுகிறார்கள்.

அந்த ஆப்பின் வேலை இதுதான்: போனுக்கு வரும் ஓடிபியை அப்படியே மோசடிக்காரனுக்கு அனுப்பிவிடும். யாரும் போன் போட்டு ஓடிபி கேட்கவில்லை, பெரியப்பாவும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் அடுத்தடுத்து இரண்டு முறை பணம் போயிற்று. எங்கள் தெருவில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். மெசேஜ்கள் மொத்தமாக வந்து விழுந்தபோதுதான் விஷயமே தெரிந்தது.

உடனே அவர் போனில் வைஃபை, டேட்டா இரண்டையும் நிறுத்திவிட்டு சிம்மைக் கழற்றினேன். வீட்டில் கிடந்த பழைய பட்டன் போனில் அதைப் போட்டேன். இனி வரும் ஓடிபி அந்த ஆப்பின் கண்ணில் படாது, வங்கியிலிருந்து வரும் அழைப்பும் தவறாது. அப்புறம் இரண்டு பேர் இரண்டு போனில் உட்கார்ந்தோம். நான் சைபர் மோசடிப் புகாருக்கான தேசிய உதவி எண் 1930-க்கு அடித்தேன். அக்கா வங்கிக்கு அடித்து கார்டை முடக்கச் சொன்னாள். வங்கி எண்ணை கார்டின் பின்பக்கம் பார்த்து எடுத்தாள். இணையத்தில் தேடி எடுக்கவே கூடாது. தேடலில் மேலே வந்து நிற்கும் போலி வாடிக்கையாளர் சேவை எண்களால் இரண்டாம் முறை ஏமாந்தவர்கள் உண்டு.

1930-இல் முதலில் லைன் கிடைக்கவில்லை. விடாமல் அடிக்க வேண்டும். எடுத்ததும் தமிழில் பேசினார்கள். கணக்கு எண், வங்கியின் பெயர், போன தொகை, தேதி, நேரம், பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டார்கள். பரிவர்த்தனை எண் டெபிட் மெசேஜிலேயே இருக்கும். அதனால்தான் பயத்தில் எந்த மெசேஜையும் அழித்துவிடக் கூடாது என்கிறேன். மோசடி மெசேஜ், டெபிட் மெசேஜ் இரண்டையும் இன்னொரு போனால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாம் சொல்லும் விவரம் ஏறியதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கோ வாலெட்டுக்கோ (போனிலேயே பணம் வைக்கும் ஆப் கணக்கு) தகவல் போகும். அங்கே பணம் மிச்சம் இருந்தால் நிறுத்திவைப்பார்கள். அங்கிருந்து நகர்ந்திருந்தால் அடுத்த கணக்கைத் துரத்துவார்கள். எங்களுக்கு 31,000 ரூபாய் ஒரு வாலெட்டில் நின்றது. மீதி 18,000 அதற்குள் பரிசுக் கூப்பன்களாக மாறிவிட்டது. புகார் எண் மெசேஜில் வந்தது. அதை வைத்து தேசிய சைபர் கிரைம் தளத்தில் முழுப் புகாரையும் அன்றைக்கே பதிந்தோம்.

மறுநாள் வங்கிக் கிளைக்குப் போனோம். வாயால் சொன்னால் போதாது. கடிதம் எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். "ஓடிபி போட்டுத்தான் போயிருக்கு, நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்று அங்கே சொன்னதும் பெரியப்பா எழுந்துவிட்டார். நான் உட்காரவைத்தேன். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, வங்கி மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறில்லாமல் வெளியாளால் பணம் போயிருந்து, 3 வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டப் பொறுப்பு கிடையாது. வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால், தெரிவிக்கும் வரை போனது அவர் பொறுப்பு, தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. பொறுப்பு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். இந்தச் சுற்றறிக்கையைக் கடிதத்தில் குறிப்பிட்டேன், வாங்கிக்கொண்டு முத்திரை போட்டுக் கொடுத்தார்கள்.

போனைச் சுத்தம் செய்வது தனி வேலை. அந்த ஆப்புக்கு முகப்பில் படமே இல்லை. செட்டிங்ஸில் எல்லா ஆப்களின் பட்டியலுக்குள் போய்த்தான் கண்டுபிடித்தேன். புகாருக்கு வேண்டியதை எல்லாம் படம் எடுத்தபின், போனில் இருப்பதை எல்லாம் அழித்துப் புதிதுபோல் ஆக்கும் ஃபாக்டரி ரீசெட் போட்டேன். பிறகு வேறொரு போனிலிருந்து மின்னஞ்சல், யுபிஐ, வங்கிக் கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றினோம்.

அப்புறம் வீட்டில் எல்லோருடைய போனையும் வாங்கிப் பார்த்தேன். மெசேஜ் படிக்கும் அனுமதி எந்தெந்த ஆப்புக்கு இருக்கிறது என்று பார்த்து, தேவையில்லாதவற்றை எடுத்தேன். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் இறக்கும் அனுமதியை அடைத்தேன். புது கார்டில் ஆன்லைன் பயன்பாட்டை அணைத்தே வைத்திருக்கிறோம்; வேண்டும்போது வங்கி ஆப்பில் திறந்துகொள்ளலாம். பூண்டுப் பணம் இப்போது கார்டும் யுபிஐயும் இல்லாத கணக்குக்குப் போகிறது, கைச்செலவுக்கு மட்டும் இன்னொரு கணக்கு. இவ்வளவு செய்ததில் எனக்கு மிகவும் நிம்மதி கொடுத்தது இந்தக் கடைசி ஏற்பாடுதான்.

மெசேஜ் வந்தால் அனுப்பியவர் பெயரை முதலில் பார்க்கப் பெரியப்பாவுக்கும் பழக்கிவிட்டேன். 2025-இலிருந்து பதிவுபெற்ற நிறுவனங்களின் பெயருக்குப் பின்னால் ஒரு கோடும் ஓர் எழுத்தும் வருகின்றன: அரசு என்றால் ஜி, வங்கிப் பரிவர்த்தனை என்றால் டி, சேவை என்றால் எஸ், விளம்பரம் என்றால் பி. அபராதம், மின் இணைப்பு துண்டிப்பு, கேஒய்சி என்று எது சொன்னாலும், பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் அவர் இப்போது திறப்பதில்லை. இந்த எழுத்து இருந்தாலும் லிங்க்கைத் தொடாமல், சலான் தளத்தை நாமே திறந்து வண்டி எண்ணைப் போட்டுப் பார்ப்பதுதான் நல்லது. பணம் போகாமல் வெறும் மெசேஜ் மட்டும் வந்தால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' பகுதியில் புகார் செய்யலாம். பணம் போயிருந்தால் அங்கே நேரத்தைச் செலவழிக்காமல் 1930-க்குத்தான் அடிக்க வேண்டும்.

நிறுத்திவைத்த 31,000 தானாகக் கணக்குக்கு வந்துவிடவில்லை. திண்டுக்கல் போய் சைபர் கிரைம் போலீசாரிடம் வங்கி அறிக்கை, ஆதார் நகல், புகார் எண் எல்லாம் கொடுத்தோம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 503-ஆம் பிரிவின்படி பணத்தை விடுவிக்க நீதிமன்றத்தில் மனு போட வேண்டும் என்று அவர்களே விளக்கினார்கள். போலீசாரின் அறிக்கை வந்து, ஆணை கிடைத்து, அது வாலெட் நிறுவனத்துக்குப் போய்ச் சேர மாதக் கணக்கில் ஆனது. நடுவில் பெரியப்பா "விடுப்பா, போனது போகட்டும்" என்று பலமுறை சொன்னார். ஒரு போகம் பூண்டு வெட்டிய உழைப்பு அது, விட எனக்கு மனம் வரவில்லை. அந்த 31,000 முழுதாகத் திரும்பி வந்தது.

கூப்பனாகப் போன 18,000-க்கு வங்கி மறுத்துப் பதில் கொடுத்தது. வங்கியின் பதில் திருப்தி இல்லை என்றாலோ, 30 நாளாகியும் பதிலே வரவில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். முத்திரை போட்ட அந்தக் கடித நகலோடு அதையும் பதிந்திருக்கிறோம், விசாரணை நடக்கிறது.