தாவ்பாவில் நாற்காலி மலிவு, பெட்டிதான் விலை

சீன இணையச் சந்தையான தாவ்பாவில் (Taobao) ஒரு பிரம்பு லேம்ப் ஷேட் 120 யுவான். நம் சிங்கப்பூர்க் காசுக்கு 22 வெள்ளி சொச்சம். கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்றுக்கு இங்கே கடையில் நூறு வெள்ளிக்கு மேல் சொன்னார்கள். ஆனால் அதை விமானத்தில் வரவழைக்க எவ்வளவு ஆகும் என்று பார்த்தால், கட்டணம் ஷேட்டின் விலையைப்போல் நான்கு மடங்கு வந்து நின்றது. மூன்று கிலோகூட இல்லாத பொருளுக்கு!

விஷயம் எடையில் இல்லை, பெட்டியில். விமானத்தில் அனுப்புகிறவர்கள் நிஜ எடையையும் பார்ப்பார்கள், பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றிப் பார்ப்பார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுக்க வேண்டும். சில நிறுவனங்கள் 5000ஆல் வகுக்கும். என் ஷேட்டின் பெட்டி 50, 50, 40. பெருக்கினால் ஒரு லட்சம். 6000ஆல் வகுத்தால் 16.67 கிலோ, 5000ஆல் வகுத்தால் 20 கிலோ. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி காற்று. அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுக்கிறோம்.

சிங்கப்பூரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாவி வாங்கிய பலர் தாவ்பாவ் பக்கம் போகாமல் இருப்பதில்லை. 2024 செப்டம்பரில் இங்குள்ளவர்களுக்கென்று ஆங்கிலப் பதிப்பு வந்தபிறகு, சீனம் தெரியாத என்னைப் போன்றவர்களும் துணிந்து இறங்கிவிட்டோம். எங்களுக்குச் சாவி கிடைத்தபோது ஆண்டுக் கடைசி நெருங்கிவிட்டது. தை பிறந்ததும் பால் காய்ச்ச வேண்டும் என்று மாமியார் நாளே குறித்துவிட்டார். சாப்பாட்டு மேசை, நான்கு நாற்காலி, இந்த ஷேட், திரைச்சீலைக் கம்பிகள், சமையலறைக்கு ஒரு சின்ன அலமாரி. பட்டியல் அவ்வளவுதான்.

சரக்கு வரும் வழியை முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கடைக்காரர் சீனாவில் உள்ள ஒரு கிடங்குக்கு அனுப்புவார். இது பெரும்பாலும் இலவசம். அங்கே நம் பொருள்கள் எல்லாம் வந்து சேர்ந்ததும், ஒரே சரக்காகச் சேர்த்து சிங்கப்பூருக்கு அனுப்பச் சொல்லலாம். கடைசியாக இங்கிருந்து வீட்டு வாசல்வரை. ‘டெலிவரி இலவசம்’ என்று கடையில் போட்டிருந்தால் அது அநேகமாக அந்த முதல் கட்டம் மட்டும்தான். காசு கரைவது மற்ற இரண்டிலும்.

மேசை நாற்காலியை விமானத்தில் கொண்டுவர முடியாது என்பது தெரிந்ததே. கப்பலில் பெரும்பாலும் கன மீட்டர் கணக்கு. நாற்காலி தேடும்போது இதுதான் என் கண்ணில் நின்றது. பிடித்திருந்த ஒரு நாற்காலி முழுதாகப் பூட்டிய நிலையிலேயே வரும். பெட்டி எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேட்டேன். 55, 55, 85 என்றார். அதாவது ஒன்றுக்கு 0.26 கன மீட்டர், நான்கு வாங்கினால் ஒரு கன மீட்டரைத் தாண்டும். இன்னொரு கடையில் கழற்றிப் பூட்டும் வகை இருந்தது. இரண்டு நாற்காலிக்கு ஒரே பெட்டி: 60, 50, 30. நான்குக்கும் சேர்த்து 0.18 கன மீட்டர். ஒவ்வொரு நாற்காலியும் 40 யுவான் கூடுதல் விலை. ஆனால் வாசலில் வந்து இறங்கும்போது மொத்தச் செலவு ஏறக்குறைய பாதி. கடையில் மலிவாகத் தெரிந்தது கப்பலில் ஏறியதும் விலை உயர்ந்துவிடுகிறது.

அதற்கப்புறம் எந்தக் கடைக்காரரிடமும் நான் கேட்ட முதல் கேள்வி பெட்டியின் அளவுதான். சிலர் சலிக்காமல் சொன்னார்கள். சிலர் பொருளின் அளவையே திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். அலுவலகத்தில் பக்கத்து மேசைச் சீனத் தோழி இரண்டு வரி எழுதிக் கொடுத்த பிறகுதான் சரியான பதில் வந்தது. பதிலே சொல்லாத கடையை விட்டுவிட்டேன்.

திரைச்சீலைக் கம்பி வேறு விதம். எடை குறைவு, இடமும் அதிகம் பிடிக்காது, ஆனால் நீளம். குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டினால் தனிக் கட்டணம் வைத்திருந்தார்கள். இரண்டாகப் பிரித்து உள்ளே செருகிக்கொள்ளும் கம்பியாகப் பார்த்து வாங்கினேன். நிலைக்கண்ணாடி ஒன்றும் ஆசை காட்டியது. மரச்சட்டம் அடித்து அனுப்ப வேண்டும். அந்தச் சட்டத்துக்குக் கூலி உண்டு, சட்டம் போட்டதும் பெட்டியும் பெருக்கும், உடைந்தால் கண்ணாடிக்குக் காப்புறுதி கிடையாது என்றும் விதியில் எழுதியிருந்தது. அதனால் கண்ணாடியைத் தெம்பனிஸில் உள்ள இக்கியா அறைகலன் கடையில் வாங்கி வாடகை வேனில் கொண்டுவந்துவிட்டோம். ஷேட்டுக்கு வேண்டிய ஒயர், ஹோல்டர் எல்லாம் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மின்பொருள் கடையில். மின்சாரம் ஓடுகிற எதையும் சீனாவிலிருந்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. பிளக் வேறு, பாதுகாப்பு முத்திரை விவகாரம் வேறு.

வரியைப் பற்றி நண்பர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். “நானூறு வெள்ளிக்குக் கீழே இருந்தா வரி இல்லடா” என்றான் மச்சான். அது பழைய கதை. விமானத்திலோ அஞ்சலிலோ வரும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு முன்பு பொருள் சேவை வரி இல்லை. 2023 ஜனவரி 1 முதல் அவற்றுக்கும் வரி வந்துவிட்டது. கப்பலில் வருபவற்றுக்கோ அந்தச் சலுகை அப்போதே கிடையாது. 2024 முதல் வரி 9 விழுக்காடு. இதில் பலர் கவனிக்காதது, பொருளின் விலைக்கு மட்டும் வரி போடுவதில்லை என்பது. கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்குத்தான் வரி. 600 வெள்ளிக்குச் சாமான், 200 வெள்ளி கப்பல் கூலி என்றால் வரி 54 இல்லை, 72. பெட்டி பெரிதானால் வரியும் பெரிதாகும்.

கிடங்கில் பொருள்கள் வந்து சேரச் சேர ஒவ்வொன்றையும் படம் எடுத்துத் தரச் சொன்னேன். சிறு கட்டணம்தான், நல்ல செலவு. சீனாவில் இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களை 7 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம், சட்டமே அப்படி. ஆனால் அந்த 7 நாள் ஓடத் தொடங்குவது பொருள் கிடங்குக்கு வந்ததும். சிங்கப்பூருக்கு வந்தபிறகு நிறம் சரியில்லை என்று எண்ணி என்ன பயன்? திருப்பி அனுப்பும் செலவில் இங்கேயே புதிது வாங்கலாம். அலமாரியின் நிறம் கடைப் படத்தில் தேக்காகவும் கிடங்குப் படத்தில் செங்கல்லாகவும் இருந்தது. அங்கேயே திருப்பி அனுப்பி மாற்றிக்கொண்டேன்.

எல்லாம் வந்து, சேர்த்து அனுப்பச் சொன்னதும் ஒரு பில் வந்தது. கடைக்காரர்கள் சொன்ன அளவுகளை வைத்து நான் போட்ட கணக்கைவிட அதிகம். சரக்கு நிறுவனத்திடம் ஒவ்வொரு பெட்டிக்கும் அவர்கள் அளந்த அளவைக் கேட்டு வாங்கினேன். ஷேட் பெட்டி 50, 50, 40 இல்லையாம். 52, 53, 43. ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். பெருக்கிப் பாருங்கள், 18 விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடுகிறது. அட்டைப்பெட்டி உப்பியிருந்தால் உப்பிய இடத்தில் வைத்து அளக்கிறார்கள். அளவு நாடா வைத்த நிலையில் படம் கேட்டேன். மூன்று பெட்டிகளுக்கு அனுப்பினார்கள், அவை சரிதான். மேசைப் பெட்டிக்கு மட்டும் படம் வரவே இல்லை. மறுபடி கேட்டதும் ஒன்றும் பேசாமல் அளவைக் குறைத்துப் புதுப் பில் அனுப்பினார்கள். கேட்காமல் கட்டியிருந்தால் கட்டியதுதான்.

வெறும் அட்டைப்பெட்டிகளைக் களைந்து, சிறு பொருள்களை அலமாரிப் பெட்டிக்குள் திணித்துக் கட்டச் சொன்னதிலும் கொஞ்சம் மிச்சமானது. மெத்தை உறைகளும் திண்டு உறைகளும் நாற்காலி இடுக்குகளிலேயே பயணம் செய்தன.

தென்சீனத்திலிருந்து கப்பல் இங்கு வருவது ஒரு வாரத்துக்குள் முடிகிற வேலை. ஆனால் கொள்கலன் நிறைய வேண்டும், சுங்கம் முடிய வேண்டும், இங்கே பிரித்து அடுக்க வேண்டும் என்று அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நாள் இழுக்கிறது. 11.11 (நவம்பர் 11 தள்ளுபடி) விற்பனை முடிந்த கையோடு என்றால் கூட்டம் இன்னும் அதிகம். சீனப் புத்தாண்டு நெருங்கினால் கிடங்கே பூட்டிக்கிடக்கும். அதற்குள் தப்பித்தோம்.

டெலிவரிக்கு வந்த தம்பி மன்னார்குடிப் பக்கம். மேசைப் பலகைப் பெட்டியைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது லிஃப்டுக்குள்ள நேரா போகாது. படியில தூக்கினா மாடிக்கு இவ்வளவுன்னு சார்ஜ் போடச் சொல்லியிருக்காங்க” என்றார். பதினோராவது மாடி. லிஃப்டின் உட்புறத்தை நான் முன்பே மூலைக்கு மூலை அளந்து வைத்திருந்தேன். அந்த அளவைச் சொன்னதும் பெட்டியைக் குறுக்காகச் சாய்த்தார். விரல்கடை இடம் விட்டுக் கதவு மூடியது. மேலே வந்ததும் மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.

மொத்தத்தில், இங்கே வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவில் பாதிக்குச் சற்று மேல் ஆனது. லேம்ப் ஷேட் மட்டும் தனியாகப் பார்த்தால் லாபம் பெரிதாக ஒன்றுமில்லை. மேசையிலும் நாற்காலியிலும்தான் மிச்சம். பால் காய்ச்சியாயிற்று.

ஒரு நாற்காலியின் கால் மட்டும் பிளந்து வந்திருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர், படம் பார்த்ததும் புதுக்கால் இலவசமாக அனுப்புவதாகச் சொன்னார், சீனக் கிடங்குக்கு. அங்கிருந்து தனியாக அனுப்பினால் குறைந்தபட்சக் கட்டணமே அந்த நாற்காலியின் விலையைத் தொடும். பக்கத்து புளோக்கில் சோபா வாங்கப் போகிறவர் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். அவருடைய சரக்கோடு சேர்ந்து வரும். அதுவரை மூன்று நாற்காலி, ஒரு முக்காலி.