எம்.பி.ஏ. இடம் கிடைத்த பிறகு பட்ட பாடு: ஓ.பி.சி. சான்றிதழும் கல்விக் கடனும்

ஐ.ஐ.எம். மேலாண்மைக் கல்லூரிகளுக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வு, நேர்முகம் எல்லாம் நல்லபடியாக முடிந்து திருச்சி ஐ.ஐ.எம்.மில் இடமும் வந்துவிட்டது. அதன்பின் ஒரு சான்றிதழுக்கும் ஒரு கடனுக்கும் அலைந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அடுத்து வருகிறவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் இருந்தேன். பொருள் வாங்குவது, அனுப்புவது என்று சப்ளை செயின் பக்கம் போக ஆசை. எங்கள் கம்பெனியில் அந்தப் பொறுப்புகளை எம்.பி.ஏ. படித்தவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். ஆனால் எம்.பி.ஏ. செலவுக்கு 20 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை 25,000 ரூபாயைத் தாண்டும். படிக்கிற காலத்து வட்டி தனி. இந்தக் கணக்கைப் போட்ட பிறகே எந்தெந்தக் கல்லூரி என்று முடிவு செய்தேன். பிளேஸ்மென்ட் அறிக்கையில் சராசரிச் சம்பளத்தை நம்பாதீர்கள், நாலு பேருக்குப் பெரிய வேலை கிடைத்தால் அது ஏறிவிடும். மீடியன், அதாவது வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன, உங்கள் துறைக்கு எத்தனை பேர் போனார்கள் என்று பாருங்கள். இடம் உறுதியாகும்வரை வேலையை விடாதீர்கள்.

இனி சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் சான்றிதழ், அதாவது பிற்படுத்தப்பட்டவர்களில் வசதியான 'கிரீமி லேயர்' பிரிவில் நாம் இல்லை என்ற சான்று, தனியாக வாங்க வேண்டும். கேட் விண்ணப்பத்துக்கு வாங்கியது போதாது, சேரும்போது ஏப்ரல் 1-க்குப் பின் வழங்கிய புதியது கேட்டார்கள். இ-சேவையில் பதிந்தேன். வி.ஏ.ஓ. அன்றே அனுப்பிவிட்டார். வருவாய் ஆய்வாளரிடம் போய் நின்றுவிட்டது.

"அப்பா வாத்தியாரு, சம்பளம் எட்டு லட்சத்தைத் தாண்டுதே. நீங்க கிரீமி லேயர்மா" என்றார்.

இது தவறு. 8-9-1993 தேதியிட்ட மத்திய அரசின் குறிப்பாணைப்படி, வருமான வரம்பைக் கணக்கிடும்போது சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது. அரசு ஊழியர் என்றால் பதவியின் நிலையைத்தான் பார்க்க வேண்டும். வாயால் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. குறிப்பாணையை அச்செடுத்து, அந்த வரிகளுக்கு மஞ்சள் மை போட்டு, தாசில்தாரிடமே மனுவாகக் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்துப் பார்த்து, ஆய்வாளரைக் கூப்பிட்டு, "இதுல என்ன பிரச்சனை? அனுப்புங்க" என்றார். அந்த வாரமே சான்றிதழ் வந்தது. அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வங்கியில் பட்டது இதைவிட மோசம். எங்கள் குடும்பம் வருடக்கணக்காகக் கணக்கு வைத்திருக்கும் அரசு வங்கிக் கிளை அது. மேலாளர் முதல் கேள்வியே, "ஏழரை லட்சத்துக்கு மேல வீட்டுப் பத்திரம் இல்லாம முடியாதும்மா, அப்பா பேர்ல என்ன இருக்கு?"

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி என்ற மத்திய அரசின் கல்விக் கடன் திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்குப் பிணையும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். ஏழரை லட்சம் என்பது வங்கிக்கு அரசு 75 சதவீத உத்தரவாதம் தரும் கடனின் வரம்பு. அதற்கு மேல் பத்திரம் கேட்கலாம் என்று திட்டத்தில் எங்கேயும் இல்லை. குடும்ப வருமானம் 8 லட்சத்தைத் தாண்டியதால் 3 சதவீத வட்டிச் சலுகை எங்களுக்குக் கிடையாது. ஆனால் கடனுக்கு வருமான வரம்பே இல்லை. இந்த இரண்டையும் குழப்பி, "நீங்க தகுதியே இல்ல" என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பியது அந்தக் கிளை. அப்பா அன்றிரவே நிலப் பத்திரத்தை பீரோவிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று மறுநாள் கேட்டேன். மேலாளர் கொடுக்கவில்லை. வங்கியின் மண்டல அலுவலகத்துக்குச் சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், திட்ட வழிகாட்டுதல் மூன்றையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். விண்ணப்பத்தைத் திருச்சியில் வேறு கிளைக்கு மாற்றினார்கள். வருடாவருடம் மாணவர்களைப் பார்க்கிற கிளை என்பதால் பத்திரப் பேச்சே எழவில்லை. அப்பா இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டதோடு சரி.

முதல் தவணைக் கட்டணம் கடைசித் தேதிக்கு முந்தைய மாலைதான் கல்லூரிக் கணக்கில் ஏறியது. அதனால் இடம் உறுதியான அன்றே கடனுக்குப் பதியுங்கள். முடிந்தால் கல்லூரி இருக்கும் ஊரின் கிளையையே தேர்ந்தெடுங்கள். வேலைக்குப் போய்த் தவணை கட்டத் தொடங்கியதும் வருடாவருடம் வட்டிச் சான்று வாங்கி வையுங்கள், பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குக் கட்டிய வட்டிக்கு வருமான வரியில் எட்டு வருடம்வரை கழிவு உண்டு.